விசிறிக்குப் போர்வை

அண்ணா,

நேரில் பேசினால் அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதிவிட்டுப் போகிறேன்.

மூன்று நாளாக, நீ படுக்கும் கூடத்தில் என் கணினியோடு மல்லுக்கட்டினேன். இரண்டு பிராசஸரில் ஒன்று வேகமெடுத்தது, மற்றது நொண்டியது. எல்லா செட்டிங்கையும் மாற்றினேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். டார்ச் பிடித்தவன் நீ. "ஒண்ணு உன்ன மாதிரி, இன்னொண்ணு என்ன மாதிரி. விடு கழுத" என்று சிரித்தாய்.

இன்று காலை கணினியைச் சுவரைவிட்டு இழுத்தேன். விசிறி காற்று விடும் இடத்தில் உன் பழைய போர்வை! இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்க அதன் சத்தம் இடைஞ்சல் என்று அடைத்திருக்கிறாய். பின்பக்க பிராசஸர் வெந்துபோய் எப்படி ஓடும்? வெள்ளிக்குள் இதில் ஓடும் ஆய்வுக் கணக்கு முடியாவிட்டால் ஆய்வகத்தில் எனக்கு இடமில்லை. அது தெரிந்தும் கல்லுளிமங்கன்போல் டார்ச் பிடித்திருக்கிறாய்.

சோறு அடுப்பின் மேல். மாற்றுச் சாவி செருப்பு அலமாரியில். கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் போகாதே.

பி.கு.: போர்வையைத் துவைத்துக் காயப்போட்டேன். உன் மெத்தையை என் அறையில் போட்டிருக்கிறேன். கதவைச் சாத்தினால் சத்தம் வராது. நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். "தூங்க முடியலடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே மாற்றியிருப்பேன்.