கிளார்க் ராக்கம்மாள் இன்று விடுப்பு

8 ஜனவரி 2003

எங்கள் இதழியல் துறைக்கு இணையதளம் வந்துவிட்டது. வந்த கையோடு எங்கள் தலையில் வேலையும் விழுந்துவிட்டது. ஆளுக்கொரு பேராசிரியரைப் பற்றி ஆளுமைச் சித்திரம் எழுத வேண்டும். மூன்று பேர் அவரைப் பற்றிச் சொன்னது வேண்டும், அதில் ஒருவர் கல்லூரிக்கு வெளியே உள்ளவர் என்பது எங்களுக்கு இதழியல் எடுக்கும் ஷீஜா டீச்சரின் உத்தரவு.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது புள்ளியியல் காமாக்ஷி டீச்சர். களமசேரி வளாகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "பாவம்டி சங்கரி" என்று பக்கத்தில் உட்காரும் மஞ்சுஷா என் தோளில் தட்டினாள்.

(இந்த டைரியைத் தமிழில் எழுதக் காரணம் ஒன்றுதான். மலையாளத்தில் எழுதினால் மஞ்சுஷா பையைக் கிளறிப் படித்துவிடுவாள்.)

17 ஜனவரி

காமாக்ஷி டீச்சர் நிபந்தனை போட்டார். நான் ஒரு கேள்வி கேட்டால் அவரும் ஒன்று கேட்பாராம். இது என்ன கூத்து!

ஃபோர்ட் கொச்சி வீட்டில் அம்மாவோடு இருந்தாராம். "அம்மா நவம்பர்ல போயிட்டா" என்றார், பரீட்சைத் தேதி சொல்வதுபோல. நான் "அய்யோ" என்பதற்குள், "இப்ப என் முறை. உன் அம்மா என்ன பண்றா?"

"ராக்கம்மாள்னு பேரு டீச்சர். மட்டாஞ்சேரி கார்ப்பரேஷன் ஆபீஸ்ல..."

"கிளார்க்கா?"

"ஆமா டீச்சர்."

ஆபீஸ் என்பது உண்மை. மீதியை அவரே சொல்லிக்கொண்டார். அப்படியென்றால் பொய் யாருடையது? — என்னுடையதுதான், வேறு யாருடையது. இரண்டு வருஷமாக வகுப்பில் இதையேதான் மாற்றி மாற்றிச் சொல்லிவருகிறேன். அதனால்தானே ஒருத்தியைக்கூட வீட்டுக்கு அழைத்ததில்லை.

18 ஜனவரி

அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டேன். மீனில் உப்பு கூடிப்போச்சா என்று கேட்டாள்.

27 ஜனவரி

அம்மா வேலை முடிந்து வந்து, சாயா போட்டு, என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க டீச்சர் வந்திருந்தாங்க, அவங்கம்மாவோட மரணச் சர்ட்டிபிகேட் வாங்க. நான் வராந்தா தூத்துக்கிட்டு இருந்தேன். என்கிட்டயே வந்து, 'கிளார்க் ராக்கம்மாள் எந்த சீட்டு? அவங்க மக எங்க காலேஜு'ன்னு கேட்டாங்க."

நான் சாயாவைத் தொடவில்லை.

"அவங்க இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டேன். நானே எல்லா சீட்டுக்கும் கூட்டிட்டுப் போயி வாங்கிக் குடுத்தேன். பயப்படாத, எம் பேரு கேக்கல." பிறகு, "சாயா ஆறுது, குடி" என்றாள்.

அடிச்சிருக்கலாம். ஏன் அடிக்கல? நாலு வார்த்தை ஏசியாவது இருக்கலாம்ல? என் மானத்தைக் காப்பாத்த நீ ஏம்மா உன்னையே இல்லன்னு சொன்ன?

28 ஜனவரி

காய்ச்சல் என்று சொல்லிக் கல்லூரிக்குப் போகவில்லை. இன்னொரு பொய்.

30 ஜனவரி

காமாக்ஷி டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். துடைப்பத்தோடு நின்ற ஒரு சேச்சி ஒவ்வொரு மேசையிலும் தனக்காகப் பேசி வேலையை முடித்துக் கொடுத்தாராம். "பேர் கேக்காம வந்துட்டேன். அன்னிக்கு நான் நிதானத்துல இல்ல. உன் அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு, நன்றி சொல்லணும்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வாசல்வரை வந்தும்விட்டேன்.

"கேக்க வேண்டாம் டீச்சர். அவங்க பேரு ராக்கம்மாள்."

"லீவுன்னு சொன்னாளே?"

"எனக்காகச் சொன்னாங்க."

டீச்சர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். பிறகு, "நான்தான் கிளார்க்கான்னு கேட்டேன், யோசிக்காம" என்றார். நான் அழுதேன். அவரும் அழுதார் என்று எழுத ஆசைதான், அழவில்லை. தண்ணீர் கொடுத்து, "உக்காரு. இப்ப உன் முறை, கேளு" என்றார்.

5 பிப்ரவரி

வெளியாள் ஒருவர் சொன்னது இன்னும் கிடைக்கவில்லை. நோட்டோடு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னை எதுக்குடி எழுதுற? நான் அவங்கள என்ன கண்டேன்?"

"அன்னிக்குப் பார்த்ததைச் சொல்லும்மா."

யோசித்தாள். "பேப்பர மடிக்கவே இல்ல. கவர் குடுத்தாங்க, அதுலயும் வைக்கல. பச்சப்பிள்ளையக் கொண்டு போற மாதிரி ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டே போனாங்க."

இரண்டு வருஷம் இதழியல் படித்து நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

7 பிப்ரவரி

ஷீஜா டீச்சருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. யார் இந்த ராக்கம்மாள் என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். பேட்டி கொடுத்தவர் எழுதியவருக்கு உறவென்றால் அதைக் கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டுமாம். "இல்லேன்னா வரியை எடுத்துரு. திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லு."

இடப்பள்ளியில் பஸ் அரைமணி நேரம் நின்றது. எடுத்துவிடலாமா? வகுப்பே படிக்குமே. எடுத்தால் அம்மாவுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

19 பிப்ரவரி

சித்திரம் இணையத்தில் ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் லேபில் மஞ்சுஷா உரக்கப் படித்தாள். கடைசிப் பத்தியில் அவள் குரல் தணிந்தது: "...என்கிறார் கார்ப்பரேஷன் அலுவலகத் துப்புரவுத் தொழிலாளி ராக்கம்மாள். இவர் இக்கட்டுரையை எழுதியவரின் தாய்."

நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ இருமினார்கள். மஞ்சுஷா நாற்காலியை என் பக்கம் திருப்பி, "எனக்கு உன் அம்மையைக் காணணும்டி. ஞாயிறாழ்ச்ச வரட்டே?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"உன் கூட்டுகாரிங்க எல்லாம் படிச்சாச்சா?"

"ஆச்சும்மா."

"சிரிச்சாங்களா?"

"இல்ல. ஒருத்தி ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றா."

அம்மா நம்பாமல் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் கேட்கப் போனாள். இன்றைக்குப் புதன்கிழமைதான் ஆகிறது.