பாய்க்கு வாங்கிய குட்டைக்குழாய் மேனிபோல்டு

பாய்,

இன்று காலை ஷெட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. செஞ்சிக்காரர் ஒருவரின் காருக்கு, இஞ்சினுக்குள் காற்றை அனுப்புகிற இன்டேக் மேனிபோல்டு. அட்டையைப் பிரித்ததும் புதிதாக வெட்டிய அலுமினியத்தின் வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் நீங்களும் பின்னாலேயே வந்து நிற்கிற மாதிரி இருக்கும் எனக்கு. அட்டையின் மேல் கடைக்காரர் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருந்தார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ‘புது ஹெட்டுக்கு மட்டும்.’

நான் படித்தேன் பாய். அறுபத்தெட்டு வயதில். ஷெட்டில் வேறு யாரும் இல்லை என்பதால் சத்தமாக இன்னொரு முறையும் படித்தேன்.

உங்களுக்கு இது தெரியாது. நீங்கள் போன பிறகுதான் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மதிய வகுப்பு தொடங்கினார்கள். வயலில் மல்லாட்டைக் கடலை பறித்துவிட்டு வரும் பெண்கள் பதினொரு பேர், ஆண்பிள்ளை நான் ஒருவன். “இன்னா தாத்தா, இஞ்சினையே கழட்டி மாட்டறீங்க, ஒரு கொம்ப சரியான எடத்துல மாட்டத் தெரியலியே” என்று என் சிலேட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ‘ஹ’ மட்டும் பிடிபட எட்டு நாள் ஆனது. இப்போது பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சுவரில் ஒட்டியது எதையும் விடுவதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் போனையும் எடுத்தேன். பழையது எல்லாவற்றையும் படிக்கலாம் என்று கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

உங்கள் வெள்ளைக் கார் நினைவிருக்கிறதா என்று உங்களிடம் கேட்பது வேடிக்கை. சவூதியில் வேகக் கார்களுக்கு டியூனிங் செய்யும் பட்டறையில் இருபது வருடம் இருந்துவிட்டு, கோட்டக்குப்பத்துக்குத் திரும்பி, முதல் வேலையாக வாங்கிய கார். அதன் பழைய மேனிபோல்டில் விரிசல் விட்டதும், கார் கம்பெனிக்கு வெளியில் செய்து விற்கிற அலுமினிய மேனிபோல்டு ஒன்றைத் தேடத் தொடங்கினோம். வாங்குவதற்கு முன்னால் நாம் சண்டை போட்டதே ஒரு வருடம் இருக்கும். காற்றை நான்கு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்த நான்கு குழாயும் நீளமாக இருந்தால் கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. குட்டையாக இருந்தால்தான் மேல் வேகத்தில் இஞ்சின் பிய்த்துக்கொண்டு போகும் என்பது உங்கள் கட்சி.

“உங்க ஊர் ரோட்ல மீன் வண்டி, ஆட்டுக்குட்டி, ஸ்பீடு பிரேக்கரு. எங்க போய் ஆறாயிரம் ஆர்பிஎம் தட்டுவீங்க பாய்?”

“தட்டறனோ இல்லியோ, உள்ள இருக்கணும் மேஸ்திரி. நீங்க சொல்ற நீட்டக் குழாய மாட்டனா, அது காரு இல்ல, டிராக்டரு.”

“டிராக்டருன்னா கேவலமா? நெல்லு எதுல வருது?”

“பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீங்க!”

பிறகு சிறுநீரகம் கெட்டு நீங்கள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் போகத் தொடங்கினீர்கள். ஒருநாள் ஊசிக் குழாய்களோடு படுத்துக்கொண்டு, “நீங்களே பாத்து ஒண்ணு வாங்கி மாட்டுங்க மேஸ்திரி. ஒரே ஒரு வாட்டி அது கத்தறத கேட்டுட்டா போதும்” என்றீர்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில் திண்டிவனத்தில் என் ஷெட்டுக்குக் கூட்டிவருவதாக உங்கள் மகனும் சொன்னார்.

நான் குட்டைக் குழாயே வாங்கினேன் பாய். என் கட்சியை விட்டுவிட்டேன். சென்னைக் கடைக்காரர் போனில் நாலைந்து படம் அனுப்பினார். படத்தைப் பெரிதாக்கி, வெல்டிங் வரியைப் பார்த்து, குழாயின் வளைவைப் பார்த்து, இரண்டு நாள் யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். படத்துக்குக் கீழே அவர் ஏதோ எழுதியிருந்தார். யார் எது எழுதி அனுப்பினாலும் நான் செய்கிறதைத்தான் அன்றும் செய்தேன். கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பினேன்.

பார்சல் வந்தது. இஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டில் வைத்தால் உட்காரவில்லை. அதன் ஓட்டைகள் வட்டம், உங்கள் இஞ்சினின் ஓட்டைகள் முட்டை வடிவம். போல்ட்டு ஒன்றுகூட நேருக்கு நேர் வரவில்லை. விழுப்புரம் வந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல், “கடக்காரன் மாத்தி அனுப்பிட்டாம் பாய்” என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். “உடுங்க. திருப்பி அனுப்பினா மாத்தித் தந்துட்டுப் போறான். நான் எங்க ஓடிடப் போறேன்?”

சரியானது வந்தபோது உங்களை அடக்கம் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் மாட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். ஆறாயிரத்தைத் தாண்டியதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதைக் கேட்க வேண்டிய காது அங்கே இல்லை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அந்தப் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். ‘உங்க வண்டி பழைய ஹெட்டா, புது ஹெட்டா? புதுசுன்னா இது உட்காராது. பார்த்துச் சொல்லுங்க.’ அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டிருக்கிறார். உங்களுடையது புது ஹெட்டு. தப்பானது திரும்பிப் போய்ச் சரியானது வர ஆன பதினாறு நாள் அந்தக் கேள்விக்குள் போயிருக்கிறது. படிக்கத் தெரிந்துகொண்டதற்கு இதுவும் சேர்ந்து வருமென்று எனக்குத் தெரியாது.

பிறகு நீங்கள் அனுப்பியவற்றைத் தேடினேன். என் மகன், மருமகள், கடைக்காரர்கள் எல்லாரும் எனக்கு எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாம் பேசி அனுப்பிய உங்கள் குரல். ‘கண்ணாடி வீட்ல இருக்கு பாய்’ என்று நான் சொல்லும்போதெல்லாம் கேட்டலாக்கை என் கையிலிருந்து வாங்கி நீங்களே உரக்கப் படிப்பீர்கள். உங்களுக்கு வாய்விட்டுப் படிப்பது பழக்கம் என்று நினைத்திருந்தேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்று கடைக்காரர் மேல் பழியைப் போட்டு நான் சொன்ன பொய்யும் தெரிந்திருக்கும். தெரிந்துதானா சிரித்தீர்கள்? இதை யாரிடம் கேட்பது?

போன் என்றாவது கெட்டுவிடும். அதனால் உங்கள் கடைசிக் குரலை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை கேட்பேன், நிறுத்துவேன், எழுதுவேன். மதியச் சோறு ஆறிவிட்டது. ‘மேஸ்திரி, ஜல்தி ஒண்ணுமில்ல. நல்லதா பாத்து மாட்டுங்க. நான் வர்றேன்.’ இவ்வளவுதான். எழுத்தெல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நடுவில் நீங்கள் வெகுநேரம் இருமுகிறீர்கள். அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல், அந்த இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன்.