நீ வாங்காமல் போன கம்ப்யூட்டர்

என் அருமை மாப்ள சவரிமுத்துவுக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். நீ நன்றாகத்தான் இருப்பாய். இங்கே கிடந்து அல்லாடுகிறவன் நான். இந்த வருடம் காற்றுக்காலம் முன்னதாகவே வந்துவிட்டது. சின்னமனூரிலிருந்து நம்ம ஊருக்கு வண்டியில் வந்து சேர்வதற்குள் பாதி மண் என் வாயில்தான். உன் திராட்சைப் பந்தல் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஜெசிந்தா உன்னைவிட ஒழுங்காகப் பார்க்கிறாள். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லி, உன் மீசை துடிப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

நல்ல செய்தி இத்தோடு முடிந்தது. இனி என் வயிற்றெரிச்சல்.

எனக்குத் தெரியாமல் இன்னொரு மச்சானை வைத்திருந்திருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனுசனா?

உன்கூடவே இதைப் படிப்பவர்களுக்கு நம் கதை தெரியாது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதுவரை நீ கொட்டாவி விட்டுக்கொண்டிரு. ஜெசிந்தா என் சித்தப்பா மகள். அவளைக் கட்டியதால் நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மச்சான். சின்னமனூரில் என் உரக்கடையில், காம்ப்ளக்ஸ் உர மூட்டைமேல் உட்கார்ந்து, நாம் இரண்டு பேரும் வருடக்கணக்காகச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். கேம் விளையாடுவதற்கென்று உனக்கு ஒரு கம்ப்யூட்டர். கடையில் கட்டிவைத்ததாக இருக்கக்கூடாது, ஒவ்வொரு பாகமும் நாமே தேர்ந்தெடுத்ததாக இருக்கவேண்டும். நம் வயதுக்காரர்கள் முட்டுவலித் தைலம் தேடிக்கொண்டிருந்தபோது நாம் கிராபிக்ஸ் கார்டு தேடினோம்.

புராசசர் முடிவாகும். அதற்குப் பொருந்துகிற போர்டு முடிவாகும். ராம் முடிவாகும்போது புதிய புராசசர் வந்துவிடும். அது பழைய போர்டில் உட்காராது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். நாம் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்தால் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு கொள்ளாது. வாங்கியது ஒன்றுகூட இல்லை.

ஒருநாள் சாம்பல் நோய்க்கு மருந்து கேட்டு வந்த பெரியவர் நம் சண்டையை முழுதாகக் கேட்டுவிட்டு, "ஏப்பா, அந்தக் கார்டு எந்தப் பூச்சிக்கு?" என்றாரே. நீ சிரிக்காமல், "எல்லாப் பூச்சிக்கும்யா. ஆனா ஸ்டாக் இல்ல" என்றாய். அவர் அடுத்த வாரமும் வந்து கேட்டார்.

தேர்ந்தெடுப்பதோடு என் வேலை முடிந்தது. எனக்கு விளையாட வராது. திரையில் ஓடி ஓடிச் சுடுகிற ஆட்டம் என்றால் எனக்குத் தலை சுற்றும். ஒரே ஒருமுறை உன் பேச்சைக் கேட்டு என் தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, திரையில் படியேறித் திரும்புவதற்குள் சாப்பிட்ட புரோட்டாவை அப்படியே கீபோர்டில் வைத்தேன். நீதான் அதைக் குழாயடியில் கழுவினாய். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்தோணியார்மேல் சத்தியமும் செய்தாய். அந்தச் சத்தியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

கடைசியாக நீ கடையைவிட்டு எழுந்தபோது எல்லாம் முடிவாகி, கேபினெட் மட்டும் பாக்கி. கண்ணாடியா, தகரமா? "தகரம்தான். மிச்சத்த நாளைக்குப் பேசுவோம் மச்சான்" என்று வண்டியை எடுத்தாய். மறுநாள் நான் உன் வீட்டு வாசலில் சாமியானா போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, அதை விடு.

போன மாதம் ஜெசிந்தா கடைக்கு வந்தாள். வந்தவள் உரம் கேட்கவில்லை.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர வாங்கிப்புடுவோம்."

"எந்தக் கம்ப்யூட்டரு ஆத்தா?"

"எந்தக் கம்ப்யூட்டரா? நீங்களும் அவுகளும் பேசிப் பேசியே தேச்சீகளே, அதுதான். வீட்டுல வச்சு நான் வெளையாடப் போறேன்."

"நீயா?"

"ஏன், சுடுறதுக்கு மீச வேணுமா? ஆனா ஒண்ணு. அவுக என்னென்ன போடணும்னு நெனச்சாகளோ, அது அப்படியே இருக்கணும். ஒண்ணு மாறுனாலும் அது அவுக கம்ப்யூட்டர் இல்ல, வெறும் டப்பா. என் கண்ணுல காட்டாதீக."

எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. உன் மனசு தெரிந்த ஒரே ஆள் என்று என்னைத் தேடி வந்திருக்கிறாள் பார் என்று நினைத்தேன். அந்தப் பெருமை உத்தமபாளையம் போய்ச் சேரும்வரை நீடித்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாகுல் கம்ப்யூட்டர்ஸ். அவள்தான் கூட்டிப்போனாள். நான் அப்படி ஒரு கடை இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. உள்ளே ஓர் ஆள். ஏறக்குறைய நம் வயதுதான், ஆனால் தலையில் முடி முழுசாக இருந்தது. எனக்கு அப்போதே அவனைப் பிடிக்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க தங்கச்சி" என்றான். சுவரில் போட்டோவில் நீ. அவன் தோளில் கை போட்டு, காதில் ஹெட்செட்டோடு, வாயெல்லாம் பல்லாக.

"மச்சான் போனதுக்கப்பறம் இங்கன ஞாயித்துக்கிழம ஆட்டமே கெடையாது" என்றான்.

மச்சான்! அது ரத்தத்தில் வருகிற பதவி, மாப்ள. நான் அதற்காக உன் கல்யாணத்தில் பந்தியில் வாளி தூக்கியிருக்கிறேன். மனுப் போடாமல் இந்த ஆளுக்கு அதை எப்படிக் கொடுத்தாய்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "பண்ணைப்புரத்துல பெரியப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்ல, பாத்துட்டு வாரேன் மச்சான்" என்று கிளம்புவாயே. வருடக்கணக்காகச் சொகமில்லாமல் இருந்த அந்தப் பெரியப்பா இந்தக் கடைதானா? நான் அவருக்கு இரண்டு தடவை ஆரஞ்சுப் பழம் வேறு கொடுத்துவிட்டேனே, அதைத் தின்றது யார்?

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவன் முகம் மலர்ந்தது.

"ஓ, லூர்து சாரா! கீபோர்டு வாந்தி!"

அந்தோணியார்மேல் சத்தியம், மாப்ள. அந்தோணியார்மேல்.

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் அவமானத்தை மறைக்க நேரே வேலைக்கு வந்தேன். நம் முடிவை ஒப்பித்தேன். சிவப்புக் கம்பெனி புராசசர், சிவப்புக் கம்பெனி கார்டு. (கம்பெனிப் பெயரை எழுதினால் படிப்பவர்களுக்குள் கட்சிச் சண்டை வரும், நிறத்தோடு விடுகிறேன்.) மோட்டார் போடும்போதெல்லாம் உன் வீட்டு பல்பு மங்குவதால், பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது. காற்றுக்கால மண்ணுக்கும் பந்தலில் அடிக்கிற மருந்துக்கும் தாங்குகிற மாதிரி, முன்னால் வலை வைத்த தகரக் கேபினெட். லைட்டு கிடையாது.

சாகுல் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான்.

"கார்டு பச்சக் கம்பெனியில்ல போடணும். கேபினெட்டு கண்ணாடி. உள்ள லைட்டு எரிஞ்சாத்தான மச்சானுக்குப் பிடிக்கும்?"

"சவரிக்கு லைட்டு ஆகாது. கல்யாண வீட்டு சீரியல் செட்டையே திட்டுவான்."

"என் கடையில லைட்டு எரியுற மிசினுலதான் சார் உக்காருவாக. வேற எடம் இருந்தாலும் அதுலதான்."

ஒருவேளை அப்படித்தானோ? என்னிடம் தகரம் என்று சொல்லிவிட்டு, இங்கே வந்து ஜிகுஜிகு வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தாயோ? பேச்சுக்கு ஒரு மச்சான், விளையாட்டுக்கு ஒரு மச்சான் என்றால், எந்த மச்சானிடம் இருந்தது நிஜச் சவரி? இத்தனை வருடம் மூட்டைமேல் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது யாரை?

ஜெசிந்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது.

"ஒருத்தர் சொல்றது தப்பு. யாருது?"

நான் சாகுலைப் பார்த்தேன். "பாய், நேராக் கேக்குறேன். இந்தக் கார்டுதான் வேணும், இந்தக் கேபினெட்டுதான் வேணும்னு சவரி ஒங்க கிட்டச் சொன்னானா?"

அவன் மேசைமேல் இருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தான்.

"இல்ல" என்றான்.

"பெறகு?"

"நானா இருந்தா இப்படிப் போட்டுக் குடுத்திருப்பேன். அவ்வளவுதான். மச்சான் எங்கிட்டக் கேட்டாத்தான சார்? ஊரே எங்கிட்டத்தான் வந்து கேக்குது. கம்பத்துலருந்து வாராக, குமுளியிலருந்து வாராக. இவுக வாராவாரம் வருவாக, என் பக்கத்துலயே உக்காருவாக. ஒரு ராம் எது நல்லதுன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. நானா வாயத் தெறந்தா, 'பாய், அது உரக்கட டிபார்ட்மெண்டு. அவன் கோவிச்சுக்கிருவான்'னு அடச்சுப்புடுவாக. பெறகு எதுக்கு சார் நான் கட வச்சிருக்கேன்?"

கடைசி வரியில் அவன் குரல் கீச்சிட்டது. "அந்த உரக்கடக்காரர ஒரு தடவ காட்டுங்க மச்சான், அப்படி என்னதான் தெரியும் அவருக்குன்னு பாக்குறேன்னு எத்தன தடவ கேட்டேன் தெரியுமா? கூட்டிட்டே வரல."

சவரி, நான் நிறைய பேர்மேல் பொறாமைப்பட்டவன். உன் மீசைமேல், உன் பந்தல்மேல், உனக்கு வாய்த்த மாமியார்மேல்கூட. என்மேல் ஓர் ஆள் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. அது எவ்வளவு இனிக்கிறது! ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரன், ஒரு ராம் விசயத்துக்காக, யூரியா விற்கிறவனைப் பார்த்து வயிறெரிகிறான். ஒரு நிமிடம் அவனை அப்படியே கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

எனக்குத் தலை சுற்றும் என்று தெரிந்துதான், சுற்றாத பாதியை, தேர்ந்தெடுக்கிற பாதியை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தாயா? கேட்டால் நீ சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே சொல்லாதவன்.

ஜெசிந்தா தீர்ப்புச் சொன்னாள். "அப்ப அண்ணன் சொன்னதுதான்." சாகுல் தலையை ஆட்டிவிட்டு, நான் சொன்ன தகரக் கேபினெட்டை மேலே இருந்து இறக்கினான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறக்கினான்.

எல்லாம் மேசைக்கு வந்தபிறகு ஒன்று பாக்கியிருந்தது. ஹெட்செட்டு. நாம் அதைப் பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விளையாடாத எனக்கு எதற்கு ஹெட்செட்டு? அதனால் அது நம் பேச்சில் வந்ததே இல்லை.

"பாய், இது ஒங்க டிபார்ட்மெண்டு" என்றேன்.

அவன் யோசிக்கவே இல்லை. சுவரில் உன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியதை எடுத்துத் துடைத்து, ஜெசிந்தாவிடம் கொடுத்தான். காது மெத்தை ஓரத்தில் பிய்ந்திருந்தது. அவள் அதை அங்கேயே மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காத ஹெட்செட்டைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உன் வீட்டில் நடக்கிறது. சாகுல் அவன் மிசினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். லைட்டு எரிகிற மிசின். ஜெசிந்தா போடுகிற சத்தம் தெருமுக்கு வரை கேட்கிறது. "பாய், பின்னாடி வாரான் பாருங்க! ஏலே, ஓடாத, நில்லுலே!" நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நம் கேபினெட்டின் காற்றாடிச் சத்தத்தைக் கேட்கிறேன். சீராகத்தான் ஓடுகிறது. நடுவில் இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாது. உன் காலத்திலும் இப்படித்தான் சிரித்திருப்பீர்கள் என்று நினைத்தால், இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை உனக்கு மன்னிக்கமாட்டேன்.

அடுத்த மாதம் உன் வருட நினைவுப் பூசை. பூசைக்குக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரைச் சாமியார் வாசிப்பார், உனக்குத் தெரியும். என் பெயர் முதலில் வரவேண்டும் என்று எப்போதோ போய்ச் சொல்லிவைத்துவிட்டேன். நேற்று சாகுல் தயங்கித் தயங்கிக் கேட்டான், "நானும் கோயிலுக்கு வரலாமா சார்?" என்று. வரலாம், ஆனால் எனக்குப் பின்வரிசை என்றேன்.

வாக்குக் கொடுக்கிறேன், மாப்ள. சாமியாரிடம் போய் அவன் பெயரையும் சொல்லிவிடுவேன். என் பெயருக்கு அடுத்ததாக, கேட்டுக்கொள், அடுத்ததாக. அன்று மதியம் உன் வீட்டில் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டு, ஒரே ஒரு ஆட்டம் ஆடுவேன். கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். கீபோர்டுக்கு மேலே பாலிதீன் தாள் விரித்திருப்பாள் ஜெசிந்தா. நான் எதையாவது சுட்டால் அது உனக்காக. வேறு எதுவும் நடந்தால் அதைக் கழுவ வேண்டியது உன் இன்னொரு மச்சான்.

இப்படிக்கு,
உன் இரண்டு மச்சான்களில் மூத்தவன்,
லூர்து