கிளட்சைத் தேய்த்த கால்

அன்புள்ள கலோலைனே,

உன் இடுப்புவலி குறைந்ததா? நான் சுகம், என் தொப்பையும் சுகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஞாயிறு மாலை ஆராதனையில், கண்மூடி ஜெபித்த உன் தம்பி பெலேத்தியின் சட்டையை மோந்து பார்த்தேன். கிளட்ச் தீய்ந்த வாடை வருகிறதா என்றுதான்.

நாங்கள் கடல் தாண்டி வேலைக்கு வந்த தக்காளித் தோட்டத்து வேன் மேடேறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கைப்பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் நின்றிருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடியது. கிளட்சைக் கெடுத்தவனுக்கு அடுத்த பருவம் வேலையில்லை என்கிறார் முதலாளி.

"எவனோ ஓட்டும்போதெல்லாம் இடது காலைப் பெடல் மேலயே வச்சிருக்கான். அதான் தேஞ்சுபோச்சு" என்றார் மெக்கானிக்.

ஞாயிறு மதியம் நான் குறட்டை விடும்போது வேனை எடுத்துக்கொண்டு ஊர்சுற்றுகிறாயா என்று பெலேத்தியிடமே கேட்டுவிட்டேன்.

"ஓய்வுநாளு, ஞாயித்துக்கிழமை வண்டியெடுத்தா எங்கம்மா டோங்காவுலேருந்து நீந்தியே வந்து அடிப்பா மச்சான்!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தேங்காயெண்ணெய் ஒரு போத்தல் அனுப்பு. உன் பழைய தலையணை உறையில் சுற்றி அனுப்பு, துவைக்க வேண்டாம். எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள், வழக்கம்போல் நான் போய்த்தான் வண்டியை ஓட்ட வேண்டும்; ஓடுகிறேன்.

உன் சியோசையா

பி.கு: வேனுக்கு ஒரே சாவி. அது என் கழுத்தில் தொங்குகிறது, தூங்கும்போதும் கழற்றுவதில்லை.