சந்தையில் உன் இடம்

அன்புத் தங்கைக்கு,

நேற்று பீசாக் சந்தையில், நீ கம்பளி விற்ற இடத்தில் உருளைக்கிழங்குக்காரி ஹசிந்தா சாக்கை விரித்துவிட்டாள். என் சாப்பாட்டுக்கடையிலிருந்து கரண்டியோடு ஓடினேன்.

"எடுடி சாக்கை! என் தங்கச்சி வரப்போறா."

"லிமா பட்டணத்துக்குப் போனவ திரும்பி வர்றாளாக்கும்! தனியாவா, ஜோடியோடவா?"

கோபத்தில், நீ மறைக்கச் சொன்னதைக் கொட்டிவிட்டேன். "கைக்குழந்தையோட!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அப்பன் யாரென்று கேட்டிருந்தால் அடித்திருப்பேன். ஹசிந்தா கேட்கவில்லை, சாக்கைச் சுருட்டினாள்.

"இங்க காத்து அதிகம். புள்ளைய அந்தச் சுவரோரமா படுக்க வைக்கச் சொல்லு" என்றாள்.

மலைமேல் இன்கா கோட்டையைப் பார்த்துவிட்டுப் பசியோடு இறங்கியவர்கள் கடையில் காத்திருக்க, நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை, நம் இருவரையும் முதுகில் கட்டிச் சுமந்த துணியை அவள் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

உன் அக்கா