கடல் மணல் பூசிய சுவர்

என் ஆசை மச்சானுக்கு,

நீங்கள் நல்ல இடத்தில் நிம்மதியாக இருப்பீர்கள். அங்கே அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். குறையெல்லாம் இங்கே, சூலியா தெருச் சந்தில், நான் தனியாக மாரடிக்கிற இந்த வீட்டில்தான்.

மகள் ஜுலைஹா நிக்காஹுக்கு வீட்டைப் புதுசாக்கினீர்களே, நினைவிருக்கிறதா? உங்கள் வாப்பா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு கல் மாதிரி இருந்தது. அங்கங்கே கீறலை அடைத்து வெள்ளையடித்தால் போதும் என்றேன். கேட்டீர்களா? நடு அறைப் பூச்சை மொத்தமாகக் கொத்திவிட்டு, துறைமுகத்திலிருந்து கடல் மணலைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். "சரக்குப் படகுக் கூலிகளை மேய்க்கிற மண்டோர் நான், எனக்கு மணல் ஓசி, புள்ளே" என்று சிரிப்பு வேறு. ஆயர் ஈத்தாம் பக்கம் உப்பில்லாத ஆற்று மணல் வாங்கச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

நிக்காஹன்று நீலம் கலந்து அடித்த சுவர் ஜோராகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த மழைக்கே உப்புப் பூத்து, பொரிந்து, உதிர ஆரம்பித்தது. நீங்களும் மேலே மேலே வெள்ளையடித்துப் பார்த்தீர்கள். அப்புறம் நீங்கள் போய்விட்டீர்கள். ஈரம் மட்டும் போகவில்லை.

இப்போது சேதி கேளுங்கள். ஜுலைஹா முழுகாமல் இருக்கிறாள், எட்டாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? பிரசவத்துக்கும் அதற்குப் பிறகு நாற்பது நாளுக்கும் அவளைப் படுக்கவைக்க அந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. சம்பந்தியம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ஈரச் சுவர் இருக்கிற வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன்." நியாயம்தானே?

கொத்தனார் செல்லையா அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உப்பு உள்ளே ஏறிடுச்சு லா, தங்கச்சி. அத்தனையும் கொத்தி எடுத்து, செங்கலைக் காயவிடணும். புதுசா இப்பப் பூசினா பிள்ளை பிறக்கிற வரைக்கும் காயாது" என்றார். சரி, கொத்துங்கள் என்றேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நானும் நின்று சுரண்டினேன். வாயெல்லாம் தூசி, அந்த வாயால் உங்களுக்குத் திட்டு. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

செங்கல் ஒருவழியாகக் காய்ந்தது. கட்டிலைக் கழுவிப் போட்டு, கரி அடுப்பு வைத்து, சம்பந்தியம்மாவை வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார். சுவரைத் தடவினார். கையில் ஈரம் ஒட்டவில்லை. அதோடு விட்டிருக்கலாமே? "பூச்சே இல்லாம இது என்ன, குதிரை லாயமா? ஓசி மணலுக்கு அலைஞ்ச மனுஷன் பண்ணி வச்ச கோலம்" என்றார்.

இத்தனை நாளாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் வாயால் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ. "என் வீட்டுல நின்னு என் புருஷனைப் பேசாதீங்க. வாசல் அந்தப் பக்கம்" என்றுவிட்டேன். "அப்ப பிள்ளை எங்க வீட்டிலேயே பிறக்கட்டும்" என்று சொல்லி ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது அறை காய்ந்து கிடக்கிறது, படுக்க மகள் இல்லை. "உம்மா எப்ப வந்து கூட்டிப் போவாங்க?" என்று அவள் ஆள் அனுப்பிக் கேட்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உங்கள் மேலா, சம்பந்தியம்மா மேலா, என் நாக்கு மேலா? இதைக் கேட்டுப் பதில் சொல்ல நீங்களாவது இருந்திருக்கக் கூடாதா?

நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். "நீங்க சொன்னது சரிதான், என் புருஷன் செஞ்சது புத்திகெட்ட வேலைதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து யாரிடமும் உங்களை நான் விட்டுக்கொடுத்ததில்லை. நாளைக்கு விட்டுக்கொடுப்பேன். மகளைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், மச்சான்.

கோபம் இன்னும் தீராமல்,
உங்கள் ஜுலைஹாவின் உம்மா