களரியில் கடைசியாக வரும் பாடம்

சஜீவேட்டனுக்குப் பிரசீதா அன்போடு எழுதுவது. வடகரையில் கர்க்கடக மாத மழை பிடித்துவிட்டதாமே, உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? குவைத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. லிஃப்டில் தனியாக வந்தபோது ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். யோசிப்பதற்குள் என் கால் பின்னால் போய், இடுப்பு திரும்பி, அவன் கீழே விழுந்துவிட்டான். கதவு திறந்ததும் எழுந்து ஓடினான். நானோ சின்ன வயதில் களரியில் சண்டைப் பயிற்சி முடிந்ததும் செய்ததுபோலக் குனிந்து, தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்! வெளியே நின்ற அறைத்தோழி லிசி, "அடியே, அவனை அடிச்சியா, கும்பிட்டியா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

"வயசுக்கு வந்த பொண்ணுக்கு இனி என்ன களரி?" என்று அம்மா நம் மகள் மாளுவை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு வயதில் என் அப்பாவும் அதைச் சொல்லித்தான் என்னை நிறுத்தினார்.

லிசி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள். மாளு பூசிக்கொண்டிருந்த களரி எண்ணெயில் ஒரு குப்பி கொடுத்தனுப்புங்கள். அந்த மணத்துக்காகத்தான். மணிக்கட்டுக்கும் ஆகும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றை மறைத்துவிட்டேன், ஏட்டா. விழுந்த பிறகும் அவன் என் கையை விடவில்லை. கதவு திறந்து, லிசியைப் பார்த்ததால்தான் விட்டான். பிடியை விடுவிக்கும் வெறுங்கைப் பாடம் களரியில் கடைசியாகத்தான் வரும். என்னை அதுவரை போக விடவில்லை. மாளுவாவது போகட்டும்.

பிரசீதா